மழை விட்டும் வராத படம்

கல்லடியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே நாலு வளவுதான். கார்த்திகையில் மழை அடித்து ஊற்றினால் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும். அது எல்லா டிஷ் வீட்டிலும் நடப்பதுதான். 12 ஜிகாஹேர்ட்ஸ் பக்கம் வரும் சிக்னலைக் கனத்த மழை குடித்துவிடும். ஆனால் மழை ஓய்ந்த சில நிமிடத்தில் படம் திரும்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் வெயில் எறித்த மறுநாளும் பாதிச் சனல்கள் இல்லை.

டிஷ் கம்பனிக்குப் போன் பண்ணிக் கேட்டதற்கு, "மாரி காலம்தானே, பொறுங்க" என்றார்கள். மாமியின் நாடகம் போனது அந்தப் பாதியில்தான். பொறுக்க முடியுமா?

ஸ்பேனரோடு ஏறினேன். காற்றில் டிஷ் அசைந்திருக்கும் என்று நினைத்து நட்டைத் தளர்த்தி ஒரு திருப்பு. இருந்த சனல்களும் போயின.

ரேடியோ திருத்துகிற பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஆர் தம்பி இதத் திருப்பச் சொன்ன? அரைவாசிச் சனல் வேலை செய்யக்குள்ள டிஷ்ஷில என்ன பிழை?" என்றார். விஷயம் இதுதான்: டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்குகிற சின்னப் பெட்டிதான் எல்என்பி. சிக்னல் வரும் அதே கேபிள் வழியாகத்தான் ரிசீவர் அதற்குக் கரண்ட் அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் ஒரு பகுதிச் சனல்கள், 18 போனால் மற்றப் பகுதி. வழியில் கனெக்டர் பழுதானால் 18 குறைந்து போய்ச் சேரும். எல்என்பி அதை 13 என்று எடுத்துக்கொள்ளும்.

ரிசீவர் பிளக்கைக் கழற்றிவிட்டு எல்என்பி கனெக்டரைத் திறந்தோம். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. கேபிளை வெட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. உள்ளே பின்னல் கம்பி கறுத்துக் கிடந்தது. பளபளவென்று உலோகம் தெரியும் வரை ஒரு முழம் வெட்டி எறிந்தோம். பின்னலின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது, தொட்டால் ஷோர்ட். புதுக் கனெக்டர் போட்டு, டேப் சுற்றி, தண்ணீர் கேபிள் வழியே உள்ளே இறங்காமல் கீழே சொட்டிப் போக ஒரு வளையம் தொங்க விட்டோம்.

இனி நான் கெடுத்த வேலை. தூணில் பழைய பிடி இருந்த இடத்தில் பெயின்ற் மங்காமல் ஒரு பட்டை தெரிந்தது, நல்ல காலம். அதற்கு நேரே வைத்துவிட்டு, மகன் உள்ளிருந்து கத்தக் கத்த நூலளவு நூலளவாகத் திருப்பினேன். ரிசீவர் மெனுவில் சிக்னலின் பலம், தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். பார்க்க வேண்டியது பலத்தை அல்ல, தரத்தை. ஒவ்வொரு அசைவுக்கும் சில விநாடி பொறுக்க வேண்டும், எண் மெதுவாகத்தான் ஏறும். 71ல் நட்டை இறுக்கினேன். இறுக்கும்போதே 68க்கு இறங்கியது, மறுபடி தொடக்கம்.

அடுத்த பெருமழையில் படம் போனது. மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். மழை விட்டு ஐந்து நிமிடத்தில் எல்லாச் சனலும் வந்துவிட்டன. மாமிக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. வானம் இருட்டினாலே, "டிஷ்ஷில கைய வெச்சிராத மகன்" என்கிறா.