டெப்போ ஊசி: கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு

மனச்சிதைவு மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கித் துப்புகிறவர் வீட்டில், குழம்பில் கலந்து கொடுத்தே காலம் தள்ளுவார்கள். ஒருமுறை போட்டால் வாரக்கணக்கில் வேலை செய்யும் டெப்போ ஊசியை அப்படி ஒளித்துக் கொடுக்க முடியாது. அதுவே பாதி நன்மை.

இந்த ஊசிகளில் விலை குறைந்த பழைய மருந்து ஃப்ளூஃபெனசின். நல்லெண்ணெயில் கரைத்தது, 1 மில்லியில் 25 மி.கி. முதல் தடவை அரை மில்லி மட்டும் போட்டு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. எண்ணெய் கெட்டி, 21 கேஜ் தடிமனுள்ள ஊசியாவது வேண்டும். சிரிஞ்சில் ஈரம் இருந்தால் மருந்து கலங்கிவிடும். சிஸ்டர் புட்டத்துத் தோலை ஒருபக்கமாக இழுத்துப் பிடித்துக் குத்தி, மெதுவாக இறக்கி, 10 வினாடி பொறுத்து உருவுவார். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, மருந்து கசியும். ஒரே பக்கம் போட்டுக்கொண்டிருந்தால் கட்டிப்போகும். இடமா வலமா என்று நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை டூட்டியில் வேறு சிஸ்டர் இருப்பார்.

ஊசி போட்டாச்சே என்று அன்றைக்கே மாத்திரையை நிறுத்துகிறார்கள். எண்ணெய் ஊசி உடம்பில் சேரவே வாரக்கணக்காகும். டாக்டர் சொல்லும்வரை மாத்திரையும் ஓட வேண்டும். பாலிபெரிடோன் என்ற இன்னொரு டெப்போ மருந்தின் கணக்கு வேறு: முதல் நாள் 150 மி.கி., ஒரு வாரம் கழித்து 100 மி.கி., இரண்டும் தோளில். மாத்திரைத் துணை வேண்டாம், விலைதான் கையைக் கடிக்கும்.

முதல் சில நாளில் கழுத்து திருகலாம், கண் மேலே செருகலாம். மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். ஆஸ்பத்திரியில் ப்ரோமெதசின் ஊசி போட்டால் இறங்கிவிடும். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பதும் மருந்தின் வேலையாக இருக்கலாம். நோய் கூடிவிட்டது என்று டோஸை ஏற்றினால் இன்னும் மோசமாகும். கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் அந்த நிமிஷமே அவசரப் பிரிவு. உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தேதி தவறுவது பெரும்பாலும் திருவிழாவிலும் பழனி பாதயாத்திரையிலும்தான். பாலிபெரிடோன் மாத ஊசியை 7 நாள் முன்பின் போடலாம். நடக்கக் கிளம்புமுன் போட்டுவிடுங்கள். தவறினாலும் ஆள் உடனே மாறமாட்டார், மருந்து மெல்லத்தான் வடியும். அதை நம்பி, கடைசி ஊசியிலிருந்து 6 வாரம் தாண்டவிட்டால், மறுபடி ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுத்தான் தொடர வேண்டியிருக்கும்.