மவுண்ட் ஏரி: ஷெரிஃப் பிறந்த ஊரும் சாப்ஸ் சாண்ட்விச்சும்

மதியம் இரண்டு மணிக்கு மேல் மவுண்ட் ஏரிக்குப் போய் இறங்குவது சுத்த வீண். ஸ்னாப்பி லன்ச் கடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, அவ்வளவுதான் வியாபாரம். ஞாயிறு விடுமுறை. 1923 முதல் நடக்கிற கடை, நமக்காக அடுப்பை மறுபடி பற்றவைக்க மாட்டார்கள். அதனால் இந்தப் பயணத்தின் நேரக் கணக்கை சாப்பாட்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்: பதினொரு மணிக்குள் ஊருக்குள் இருக்க வேண்டும்.

ஊர் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் வடமேற்கில், வர்ஜீனியா எல்லையை ஒட்டி. ரயில் கிடையாது, பஸ்ஸை நம்பியும் போகவேண்டாம். விமானத்தில் வருகிறவர்களுக்கு கிரீன்ஸ்பரோ பக்கம், ஷார்லட் கொஞ்சம் தூரம். எங்கே இறங்கினாலும் வாடகைக் கார் எடுத்தாக வேண்டும், பட்ஜெட்டில் முதல் ஓட்டை அதுதான். ராலே, கேரி பக்கம் இருப்பவர்கள் சொந்தக் காரில் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம்.

எதற்காக இவ்வளவு தூரம்? 1926 ஜூன் 1 அன்று இந்த ஊரில் பிறந்த நடிகர் ஆண்டி கிரிஃபித்துக்காக. அப்பா மரச்சாமான் தொழிற்சாலைத் தொழிலாளி. தொட்டில் வாங்க வழியில்லாமல் குழந்தையை அலமாரி டிராயரில் படுக்கவைத்தார்கள் என்பது ஊரறிந்த கதை. கிரேஸ் மொரேவியன் சர்ச் பாதிரியார் எட் மிக்கியிடம் டிராம்போன் கற்று, சேப்பல் ஹில்லில் இசைப் பட்டம் வாங்கி (1949), கோல்ட்ஸ்பரோ பள்ளியில் இசை வாத்தியாராக இருந்தவர். 1953-ல் ஃபுட்பால் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்து மிரண்டுபோகிற நாட்டுப்புறத்தான் குரலில் பேசிய நகைச்சுவை ரெக்கார்டு நாடு முழுக்க விற்றது. பிராட்வே நாடகம், இயக்குநர் எலியா கசானின் 1957 படம் என்று வளர்ந்து, 1960 அக்டோபர் 3 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’ தொடரில் மேபெரி என்ற கற்பனை ஊரின் ஷெரிஃப் (போலீஸ் தலைவர்) ஆண்டி டெய்லராக வந்து உட்கார்ந்தார். எட்டு சீசன், 249 எபிசோடு. 1968-ல் முடித்தபோது அமெரிக்காவில் அதுதான் நம்பர் ஒன் தொடர். உச்சத்தில் இருக்கும்போதே கடையைக் கட்டிய தொடர்கள் அந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தத் தொடரின் ஒரு காட்சிகூட மவுண்ட் ஏரியில் எடுக்கப்படவில்லை! தெருக்கள் கலிஃபோர்னியாவில் கல்வர் சிட்டியின் ‘ஃபார்ட்டி ஏக்கர்ஸ்’ செட், அதையும் எழுபதுகளில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். அப்பாவும் பிள்ளையும் தூண்டிலைத் தோளில் போட்டு நடக்கிற டைட்டில் காட்சி, பெவர்லி ஹில்ஸுக்கு மேலே ஃபிராங்க்ளின் கேன்யன் நீர்த்தேக்கக் கரை. மவுண்ட் ஏரியில் நீங்கள் பார்க்கிற கோர்ட் ஹவுஸ், லாக்கப், எல்லாம் பின்னால் கட்டிய நகல். ஆண்டியே மேபெரி என்பது தன் ஊர் இல்லை என்று பல வருடம் மறுத்தார். 2002 அக்டோபரில் நெடுஞ்சாலை 52-ன் ஒரு பகுதிக்குத் தன் பெயரை வைக்கும் விழாவுக்கு வந்தபோதுதான், கேட்டால் அப்படித்தான் இருக்கிறது, இல்லையா என்று சிரித்து மழுப்பினார். ஊர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. மெயின் ஸ்ட்ரீட்டில் பாதிக் கடை மேபெரி கப், மேபெரி சாவிக்கொத்து, மேபெரி பனியன். ஒன்றுகூட வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு இன்னொரு சாண்ட்விச் சாப்பிடலாம்.

ஸ்னாப்பி லன்ச்சின் சாண்ட்விச்சுக்கு வருவோம். எலும்பு நீக்கிய பன்றிச் சாப்ஸை பழைய இயந்திரம் ஒன்றில் கொடுத்துக் குத்தி மிருதுவாக்கி, மாவுக் கரைசலில் முக்கிப் பொரிக்கிறார்கள். சாப்ஸ் பன்னைவிடப் பெரிது, நாலு பக்கமும் பிதுங்கி நிற்கும். ‘ஆல் த வே’ என்று கேளுங்கள், அப்போதுதான் கடுகு சாஸ், முட்டைக்கோஸ் ஸ்லா, தக்காளி, வெங்காயம், சில்லி எல்லாம் ஏறும். இந்த சில்லி நம் மிளகாய் இல்லை, கொத்துக்கறிக் குழம்பு. காரத்தை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். மெழுகுத்தாளில் சுற்றித்தான் வரும். மொத்தத்தையும் பிரித்தால் ஸ்லா தண்ணீரும் குழம்பும் மடியில்தான். தாளை மேலே மட்டும் மடக்கிவிட்டு, கடிக்கக் கடிக்கக் கீழே இறக்கிக்கொண்டே போக வேண்டும். பார்சல் வாங்கிக் காரில் வைத்தால் கால் மணி நேரத்தில் பன் ஊறிக் கூழாகிவிடும், அங்கேயே உட்கார்ந்து முடியுங்கள். மாவு மொறுமொறுப்பு, உள்ளே சாறு, நடுவில் ஸ்லாவின் குளிர்ச்சி. இந்த ஊருக்கு வர இது ஒன்றே போதும். இறைச்சியில் ரொட்டியைப் பிசைந்து செய்கிற பஞ்சகால பர்கரும் அங்கே உண்டு, விலையும் குறைவு. சைவர்களுக்கு மதியம் ஒன்றும் தேறாது, காலையிலேயே போய் முட்டை, பிஸ்கட் (அங்கே அது உப்பலான ரொட்டி) என்று ஒப்பேற்றிக்கொள்ளுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். இனிப்புக்கு சாங்கர் கேளுங்கள்: இந்த சர்ரி கவுண்டியின் சொந்தப் பண்டம், பழத்தையோ சர்க்கரைவள்ளியையோ மாவோடு ஆழமான தட்டில் வேகவைத்து, மேலே பால்-சர்க்கரைக் கரைசல் ஊற்றித் தருவது.

வயிறு நிறைந்ததும் ராக்ஃபோர்ட் ஸ்ட்ரீட். ஆண்டி சிறுவனாகப் படித்த பள்ளிக் கட்டடம் இப்போது அவர் பெயரில் நாடக அரங்கு. வாசலில் அப்பாவும் மகனும் தூண்டிலோடு நடக்கிற வெண்கலச் சிலை, பக்கத்தில் மியூசியம். ராலேவில் புல்லன் பூங்காவிலும் இதே சிலை இருக்கிறது, படம் எடுக்க மட்டும்தான் ஆசை என்றால் இவ்வளவு தூரம் பெட்ரோல் போடவேண்டாம். ஆனால் மியூசியம் காசுக்குத் தகும். ஆண்டியின் பால்ய நண்பர் எம்மெட் ஃபாரஸ்ட் வருடக்கணக்கில் சேர்த்த பொருள்களை வைத்து 2009-ல் திறந்தது. ஷெரிஃப் சட்டையையும், 1986 முதல் 1995 வரை அவரை இரண்டாம் முறை வீட்டுக்கு வீடு கொண்டுபோன வக்கீல் மாட்லாக்கின் சூட்டையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். நடுவில் 1983-ல் கியான்-பாரே நோய் வந்து நடக்க முடியாமல் கிடந்த மனிதர், அறுபதை எட்டும்போது அந்த சூட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டில் நின்றார் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

கீழ்த்தளத்தை விட்டுவிடாதீர்கள். உடல் ஒட்டிப் பிறந்த சயாமிய இரட்டையர் சாங், எங் பங்கர் பற்றிய காட்சி அங்கே. உலகம் சுற்றிய பிறகு அக்கா தங்கையை மணந்து, இந்தக் கவுண்டிக்குக் குடிவந்து, இரண்டு வீட்டில் மும்மூன்று நாளாக மாறி மாறி வாழ்ந்தவர்கள். 1874 ஜனவரியில் ஒரே நாளில் இறந்தார்கள். கல்லறை ஒயிட் ப்ளெய்ன்ஸ் பாப்டிஸ்ட் சர்ச்சில், காரில் பத்து நிமிடம், காசு கிடையாது. அந்த ஒட்டுமொத்த மேபெரி வியாபாரத்தைவிட இது பெரிய கதை.

அடுத்து ஸ்குவாட் கார் சவாரி. அறுபதுகளின் ஃபோர்டு போலீஸ் காரில் ஏற்றி, தெருக்கள், ஆண்டி வளர்ந்த ஹேமோர் ஸ்ட்ரீட் வீடு, கிரானைட் குவாரி என்று காட்டுவார்கள். கட்டணம் தலைக்கு இல்லை, காருக்கு. ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்தால் கட்டுப்படியாகும், தனி ஆளுக்குத் தண்டம். தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஐந்து பேராகப் போனாலும் தண்டம்தான். நம்பர் பிளேட்டில் தொடரில் வந்த அதே ஜேஎல்-327 என்று பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் ஏறாதீர்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முன் நாலு எபிசோடாவது பாருங்கள், அதுவும் கறுப்பு வெள்ளையில் வந்த முதல் ஐந்து சீசனில். கலர் சீசன்கள் சப்பை. காரணம் எளிது: துணை ஷெரிஃப் பார்னியாக வந்த டான் நாட்ஸ் 1965-ல் சினிமாவுக்குப் போய்விட்டார். தொடர் தொடங்கியபோது காமெடி ஆண்டியுடையது என்றுதான் திட்டம். இரண்டாவது எபிசோடிலேயே, நாட்ஸ் சிரிக்கவைக்கட்டும், நான் அவருக்கு எடுத்துக்கொடுத்தால் போதும் என்று ஆண்டி முடிவு செய்தார். அந்த வேடத்துக்கு நாட்ஸ் வாங்கியது ஐந்து எம்மி தொலைக்காட்சி விருது, ஆண்டிக்கு ஒன்றுகூட இல்லை. 1963-ல் வந்த எபிசோடு ஒன்றில் மகன் ஓபி (பின்னாளில் இயக்குநரான ரான் ஹோவர்ட்) கவண் கல்லால் தாய்ப்பறவையைக் கொன்றுவிடுகிறான். அப்பா அடிக்கவில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டு, குஞ்சுகள் அம்மாவைக் கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்கவைக்கிறார். அவர் எவ்வளவு குறைவாக நடித்து அதைச் சாதிக்கிறார் என்று கவனியுங்கள்.

செப்டம்பர் கடைசியில் மேபெரி டேஸ் திருவிழா. அப்போது அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, வாடகையும் ஏறிவிடும். கூட்டம் வேண்டாம் என்றால் சாதாரண சனிக்கிழமை வாருங்கள். காலையில் எர்ல் தியேட்டரில் டபிள்யூபிஏக்யூ வானொலியின் நேரடி நாட்டுப்புற இசை நடக்கும், ஃபிடிலும் பாஞ்சோவும். திரும்பும் வழியில் பைலட் மவுண்டன் ஸ்டேட் பார்க், தொடரில் ‘மவுண்ட் பைலட்’ என்று வருவது இந்தப் பெயரைத் திருப்பிப் போட்டதுதான். நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் அக்டோபர் வார இறுதியில் உச்சியில் பார்க்கிங் நிரம்பிவிடும்.

ஆண்டியை முழுசாகப் பின்தொடர வேண்டும் என்றால் மாநிலத்தின் மறுகோடிக்கு, 500 கிலோமீட்டருக்கு மேல், ரோனோக் தீவின் மாண்டியோவுக்கு ஓட்ட வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள். 1937 முதல் கோடையில் மட்டும் நடக்கும் ‘தி லாஸ்ட் காலனி’ திறந்தவெளி நாடகத்தில்தான் 1947-ல் சின்ன வேடத்தில் நுழைந்து, பிறகு சர் வால்டர் ராலேவாக நின்றார். கொசு மருந்து கட்டாயம், மழை வந்தால் காட்சி நின்றுவிடும். 2012 ஜூலை 3 காலையில் அங்கே தன் வீட்டில் இறந்தார், சில மணி நேரத்திலேயே அதே தீவில் குடும்ப நிலத்தில் அடக்கம். அது தனியார் இடம், பார்க்க முடியாது, ஊர்க்காரர்களிடம் வழி கேட்டு சங்கடப்படுத்தவும் வேண்டாம். பதிலாக அரை மணி நேரத் தூரத்தில் கில் டெவில் ஹில்ஸில் ரைட் சகோதரர்களின் நினைவுத் தூண், 60 அடி. டிக்கெட் வாங்கி மேடேறி அதைத் தொட்டுப் பாருங்கள். அந்த வெள்ளைக் கல் மவுண்ட் ஏரி குவாரியிலிருந்து வந்தது.