சைலசின் போட்ட குதிரையின் இதயம்
கீழக்கரைக்கு அருகே, முள்கம்பி கிழித்த காலோடு நின்ற வண்டிக் குதிரைக்குத் தையல் போடுவதற்காக, அதை அமைதிப்படுத்தும் மருந்தான சைலசினைக் கழுத்துச் சிரையில் செலுத்திவிட்டு, இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்க வேண்டிய இதயம் தளர்ந்து, அவ்வப்போது ஒரு துடிப்பைத் தவறவிட்டது; தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கியது. "நின்னுருச்சா சார்?" என்று பதறினார் வண்டிக்காரர்.

இம்மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முதலில் இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதை உணர்ந்த உடல் வேகஸ் நரம்பின் வழியே இதயத்தைத் தணிக்க, மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் சில வேளைகளில் கீழறையை எட்டாமலேயே நின்றுவிடுகிறது. பிறகு அழுத்தம் இறங்கும். துடிப்பு தவறுவதைவிட, இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு குறைவதே எனக்குக் கவலை.

அமைதிப்படுத்தும் மற்றொரு மருந்தான அசிப்ரோமசினோ குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைப்பது. இக்கடற்கரை வெயிலில் நீரோ இரத்தமோ இழந்து நிற்கும் குதிரைக்கு அதை நான் தொடுவதே இல்லை.