ஹேஷ் போட்டால் ஒளிந்துவிடுமா?

இரண்டு நிறுவனங்களிடம் ஆளுக்கொரு போன் நம்பர் பட்டியல். இரண்டிலும் இருக்கும் நம்பர்கள் எவை என்பது மட்டும் தெரியவேண்டும். மிச்சத்தை யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. போன வருஷம் இந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் யோசிக்கத் தொடங்கும் முன்பே எதிர்த்தரப்பிலிருந்து கோப்பு வந்துவிட்டது. "எல்லாத்தையும் ஷா-256 ஹேஷ் பண்ணிட்டோம், பயமில்லை" என்று மெயில் வேறு.

எனக்குப் பயம் வந்ததே அதைப் படித்துத்தான். ஹேஷ் என்பது எதைக் கொடுத்தாலும் அடையாளம் தெரியாத ஒரு குறியாக அரைத்துத் தரும் கணக்கு. ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே குறி, ஓர் எழுத்து மாறினாலும் குறி மொத்தமாக மாறிவிடும். அதைத் திருப்பிப் பழைய எண்ணை எடுக்க முடியாது, உண்மை. ஆனால் திருப்புவானேன்? பத்து இலக்க எண்கள் மொத்தமே ஆயிரம் கோடி. எல்லாவற்றையும் ஹேஷாக்கி ஒப்பிட்டால் தீர்ந்தது. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு நூறு கோடிக்கு மேல் போடும். என் நம்பரை மட்டும் ஹேஷாக்கி, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த, என் நம்பர் தெரியாத பெண்ணிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. வந்த கோப்பை அப்போதே அழித்தேன்.

"சால்ட் சேர்த்தால்?" என்றார்கள். அதாவது, ஹேஷ் போடும் முன் எண்ணோடு வேறொரு எழுத்துச் சரத்தை ஒட்டுவது. ஒப்பிட வேண்டுமானால் இருவரும் ஒரே சால்ட்டைத்தானே போடவேண்டும்? பூட்டிவிட்டுச் சாவியையும் அவர் கையிலேயே கொடுத்த கதை.

கடைசியில் கைகொடுத்தது பழைய யோசனை. கிரிப்டோகிராபி ஆய்வாளர் கேத்தரின் மெடோஸ் 1986-லேயே எழுதியது. ஆளுக்கொரு ரகசிய எண். ஹேஷை அந்த அடுக்குக்கு உயர்த்துவதுதான் பூட்டு. விளையாட்டுக்கு 23-ஆல் வகுத்த மீதியை வைத்துப் பாருங்கள். ஹேஷ் 4, என் ரகசியம் 3, அவர்களுடையது 5. நான் முதலில் பூட்டினால் 4×4×4 = 64, மீதி 18, அதன்மேல் அவர்கள் பூட்டினால் 3. அவர்கள் முதலில் பூட்டினால் 12, அதன்மேல் நான் பூட்டினால் அதே 3. இரண்டு பூட்டும் விழுந்தபின் ஒரே நம்பர் ஒரே உருவில் வந்து நிற்கும். நிஜத்தில் எண்கள் பிரம்மாண்டமானவை என்பதால் ரகசியத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. என் பட்டியலை அவர்கள் பூட்டி அதே வரிசையில் திருப்பி அனுப்பினால், எந்த நம்பர்கள் பொது என்று எனக்குத் தெரிந்துவிடும். வரிசை கலைத்து அனுப்பினால், எத்தனை பேர் பொது என்பது மட்டுமே எனக்குத் தெரியும், யார் என்பது தெரியாது. இந்த நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இதைவிட வேகமான முறைகள் உண்டு. 2016-இல் வந்த ஒன்று ஆளுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட இரண்டு பட்டியல்களை 3.8 நொடியில் ஒப்பிட்டது. எங்களுடையது இரண்டு லட்சம்தான், மெதுவானதே போதும்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கு தடுக்காது: எதிராளி தன்னிடம் இல்லாத நம்பர்களையும் பட்டியலில் திணிப்பது. அதனால் பட்டியல் அளவுக்கு உச்சவரம்பு வைத்தோம்.

முதல் ஓட்டத்தில் பொருந்தியவை பதினொன்று! ஆயிரக்கணக்கில் எதிர்பார்த்திருந்தோம். எல்லாமே பூட்டிக் கிடப்பதால் எங்கே தப்பு என்று எட்டிப் பார்க்கவும் முடியவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்தபின், ஒரு போலி நம்பரை இருபக்கமும் நுழைத்துப் பார்த்தோம். அதுவும் பொருந்தவில்லை. அவர்கள் பக்கத்தில் நாட்டுக் குறியீட்டுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி இருந்திருக்கிறது.