சம்பளச் சீட்டு இல்லாத வீட்டுக்குக் கல்விக் கடன்

2022 செப்டம்பரில் கலந்தாய்வு மூலம் எனக்கு எம்.சி.ஏ. இடம் கிடைத்தது. கோவைக்குப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரி. விடுதியோடு சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு வருடத்துக்கு மூன்று லட்சம். அப்பா ஈரோட்டுக்குப் பக்கத்தில் பள்ளிபாளையத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். அம்மாவுக்கு அதே பட்டறையில் நூல் சுற்றும் வேலை. இரண்டு பேருக்கும் வாரச் சம்பளம். தறிக்கான பாவு நூல் வராத வாரத்தில் அதுவும் கிடையாது.

முதலில் இலவசமாக என்ன கிடைக்கும் என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. ஆனால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை இளநிலைத் தொழிற்படிப்புக்குத்தான். பி.எஸ்சி. முடித்துவிட்டு முதுநிலைக்குப் போகிறவருக்கு அது செல்லாது. அந்த மாதம்தான் புதுமைப் பெண் திட்டமும் ஆரம்பித்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தேன், மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். அதுவும் முதல் பட்டப்படிப்போடு சரி. ஒரு டிகிரி வாங்கிவிட்டால் வீட்டில் வசதி வந்துவிட்டது என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள் போல.

என் விடுதி அறைத்தோழிக்குப் பட்டியல் இன மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் முதுநிலைக்கும் தருவார்கள். அவளுக்குப் பணம் வந்துவிட்டது என்று இணையதளம் காட்டியது, அவள் கணக்கில் மட்டும் ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் தேடினாள். ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் பணம் போகுமாம். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் திறந்து கொடுத்த கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. பாஸ்புக் ஊரில் எங்கோ பரணில்! இப்படி இணைந்திருக்கும் கணக்கு எது என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு மிஞ்சியது கல்விக் கடன். அதோடு மத்திய அரசின் வட்டி மானியம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் சேரும் வட்டி முழுவதையும் அரசே கட்டும். 2009-10 கல்வியாண்டிலிருந்தே இருக்கிற திட்டம் இது. இந்தியாவுக்குள் படிக்கும் தொழிற்படிப்புக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும்தான். கல்லூரியின் தரத்துக்கான நாக் அங்கீகாரமோ, படிப்பின் தரத்துக்கான என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒரு முறைதான், இளநிலை அல்லது முதுநிலை. இளநிலையிலேயே வாங்கிவிட்ட என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு எம்.சி.ஏ.வுக்கு மறுபடி கிடைக்கவில்லை. கடன் மட்டும் கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டிப் பதிந்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொருவர் மேசையாகத் தாண்டி வரும். பதிவு செய்கிறவர் கேட்காமலே சொன்னார், “எழுபத்திரெண்டாயிரம்னு போட்டுடறேம்மா, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.” எனக்கு மனசு ஒப்பவில்லை. வரம்பு 4.5 லட்சம். எங்கள் நிஜமான வருமானம் வாரக் கணக்கைக் கூட்டினால் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. 1,92,000 என்று போடச் சொன்னேன். கிராம நிர்வாக அலுவலர்கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். சம்பளச் சீட்டு கேட்டார். தறிப் பட்டறையில் சம்பளச் சீட்டு ஏது? முதலாளியின் நோட்டில் வாராவாரம் எழுதியிருந்த கூலிக் கணக்கைப் போனில் படம் எடுத்துக் காட்டினேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்து நாளில் சான்றிதழ் வந்தது.

அந்த நிஜத் தொகை பிறகு வங்கியில் கைகொடுத்தது. அங்கே கேள்வி தலைகீழாக வரும். “இவ்வளவு குறைஞ்ச வருமானத்துல எப்படிம்மா கட்டுவீங்க?” என்றார் அதிகாரி. வட்டி மானியத்துக்கு ஏழையாக இருக்க வேண்டும், கடனுக்கு வசதியாக இருக்க வேண்டும். 72,000 என்று எழுதியிருந்தால் அங்கேயே எழுந்து வந்திருப்பேன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், கடனை அடைக்கப் போவது மாணவரின் வருங்கால வருமானம் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு லட்சம் வரை பிணையும் வேண்டாம், நம் பங்காக முன்பணமும் கட்ட வேண்டாம். பெற்றோர் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். இதையெல்லாம் வீட்டிலேயே படித்து மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். பயத்தில் பாதிதான் வாயில் வந்தது.

அதற்கு முன்னால் நடந்த அலைச்சலைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் பக்கத்து வங்கிக் கிளையில், “காலேஜ் கோயம்புத்தூர்லதானே, அங்க கேளுங்க” என்றார்கள். கல்லூரிக்குப் பக்கத்துக் கிளையில், “வீடு இருக்கற ஊர்லதான் தருவாங்க” என்றார்கள். ஈரோட்டிலிருந்து கோவைக்கு மூன்று தடவை பஸ். ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. மூன்றாவது தடவை திரும்பும்போது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, “வேற ஏதாச்சும் சின்ன வேலைக்குப் போயிடலாமா கண்ணு?” என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கு ராத்திரி விடாமல் தேடியதில் இரண்டு விஷயம் கிடைத்தது. வீடு வங்கிக் கிளையின் சேவைப் பகுதிக்குள் இல்லை என்று சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இரண்டாவது, வித்யா லட்சுமி இணையதளம். 2015 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. ஒரே படிவத்தை நிரப்பி மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். அதில் போட்டால் ஒரு விண்ணப்ப எண் வரும். வாய்வார்த்தையாகத் துரத்திவிட முடியாது, ஏற்றோம் என்றோ மறுத்தோம் என்றோ அவர்கள் பதிந்தாக வேண்டும். மறுப்பதாக இருந்தால் மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். விண்ணப்ப எண்ணோடு முதல் கிளைக்கே திரும்பப் போனேன். “இல்லைன்னா காரணத்தை எழுதிக் குடுத்துடுங்க சார்” என்று கேட்டேன். சண்டை போடவில்லை, குரல்கூட உயரவில்லை. எழுதித் தருவதற்குப் பதிலாக உட்காரச் சொன்னார்கள்.

அப்புறம் காகிதப் படலம். அப்பாவுக்கு பான் கார்டு இல்லை. ஆதாரில் மொபைல் எண் இணைந்திருந்தால் வருமான வரித் துறையின் தளத்தில் இ-பான் இலவசமாக உடனே கிடைக்கும். அப்பாவின் ஆதாரில் எண் இல்லை. ஆதார் மையத்தில் அப்போது ஐம்பது ரூபாய், அரை நாள் வரிசை. பிறகு என் பெயர்ச் சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும். ஆதாரில் அப்பாவின் பெயர் முழுசாக. பான் கார்டில் அதே பெயர் என் குடும்பப் பெயராகிப் பின்னால் போய் நின்றுகொண்டது. வங்கிக் கணினியைப் பொறுத்தவரை நான் மூன்று பெண்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினேன்.

அம்மாவை இணைக் கடன்தாரராகப் போடலாமா என்று யோசித்தோம். அவர் பெயரில் மகளிர் குழுக் கடன் ஒன்று இருந்தது. கொரோனா சமயத்தில் சில தவணை தள்ளிப்போயிருந்ததால், கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் சிபில் மதிப்பெண் சரியாக இல்லை. அப்பா வாழ்க்கையில் வங்கியில் கடனே வாங்கியதில்லை. அவருக்கு மதிப்பெண்ணே கிடையாது, திரையில் மைனஸ் ஒன்று என்று காட்டியது. கெட்ட பெயரோ என்று பயந்துபோனோம். வரலாறே இல்லை என்பதற்குத்தான் அந்தக் குறி, அது ஒரு தடையில்லை என்று மேலாளரே சொன்னார்.

இவ்வளவும் முடியும்போது கல்லூரியில் முதல் தவணைக் கட்டணத் தேதி தாண்டிவிட்டது. உதவி உண்டு, ஆனால் கட்டணத் தேதிக்கு வராது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். எல்லாம் சரியாக இருந்தாலும் ஆறு ஏழு வாரம் ஆகும். அந்த இடைவெளிக்கு என்ன செய்வது என்பதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. அம்மாவின் தோடும் ஒரு மோதிரமும் கூட்டுறவுச் சங்கத்தில் அடகுக்குப் போயின. மீதிக்குக் கல்லூரி அலுவலகத்தில் வித்யா லட்சுமி விண்ணப்ப எண்ணைக் காட்டி, தீபாவளி வரைக்கும் நேரம் கேட்டேன், கொடுத்தார்கள். கடன் நவம்பரில் வந்தது. வங்கி பணத்தை நம் கையில் தராது, கல்லூரிக் கணக்குக்கே அனுப்பும். முன்பே கட்டிய தொகைக்கு ரசீதைக் கொடுத்துக் கேட்டதில், அந்தப் பணத்தை எங்கள் கணக்கில் போட்டார்கள். ரசீதைத் தொலைத்திருந்தால் அதுவும் இல்லை. பொங்கலுக்குத் தோடு வீடு திரும்பியது.

வட்டி மானியத்தில் ஒரு தப்பு செய்தேன். கடன் கிடைத்தாலே அது தானாக வரும் என்று நினைத்துவிட்டேன். இரண்டாவது பருவத்தில் கணக்கு அறிக்கையைப் பார்த்தால் மாதாமாதம் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. போய்க் கேட்டதும், “அதுக்குத் தனியா வருமானச் சான்று குடுக்கணும்மா, குடுக்கலையே” என்றார்கள். கடனுக்குக் கொடுத்த சான்றிதழ் வேறு கோப்பில் இருந்ததாம். மறுபடி கொடுத்துக் கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். கிளை கோரிக்கை அனுப்பி, தொகை வந்து வரவாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

2024இல் படிப்பை முடித்தேன். கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 2025இலிருந்து தவணை கட்டுகிறேன், சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி என்று புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறது. எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு, பத்து லட்சம் வரையிலான கடனுக்கு மூன்று சதவீத வட்டிச் சலுகை. தரவரிசையில் வரும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் அது, ஆரம்பத்தில் 860 இருந்தன. 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத் தொழிற்படிப்பில் பழைய முழு வட்டி மானியமும் தொடர்கிறது. பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் எந்தத் தளத்தில் விண்ணப்பிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுப் பெண் இந்த வருடம் எம்.பி.ஏ. சேர்கிறாள். போன சனிக்கிழமை அவள் அப்பாவை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போனேன், மொபைல் எண் இணைக்க. டோக்கன் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஒன்பது மணிக்குள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.