மரத்துக்கு அடியில் இருந்த துரு

“மரத்தைப் பற்றி நான் உங்களிடம் கேட்கவில்லையே” என்றார் அந்த வாடிக்கையாளர். கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தானோ என்னவோ, அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஹூஸ்டனுக்குத் தெற்கே, கடல் காற்று படும் பகுதியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் கடை. துப்பாக்கிகளுக்கு செராகோட் என்ற மெல்லிய பாதுகாப்புப் பூச்சை அடிப்பதுதான் முக்கியத் தொழில். வண்ணம் அடிப்பவர் வேறு ஒருவர். அதற்கு முன் உலோகத்தைத் தயார்ப்படுத்துவது என் பொறுப்பு. அந்தப் பூச்சின் கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். கீறல், குழி எதையும் அது நிரப்பாது, கீழே இருப்பதை அப்படியே காட்டிவிடும். எனவே பூச்சு நிற்பதும் உரிவதும் தயாரிப்பைப் பொறுத்தது. கழற்றிய பாகங்களை அசிட்டோனில் ஊறவைத்து, 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓவனில் வைப்பேன். பூச்சைச் சுடும் சூடு 250 டிகிரி. அதைவிட அதிகமாகச் சூடேற்றினால்தான் சந்துகளில் ஒளிந்திருக்கும் எண்ணெய் இப்போதே வெளியே வரும். இல்லாவிட்டால் பூச்சுக்கு அடியிலிருந்து வரும். அப்புறம் பிளாஸ்டிங், அதாவது 100 கிரிட் அலுமினியம் ஆக்சைடுத் துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது. அதன் பிறகு வெறும் கை பட்டால் விரல் எண்ணெயே போதும், வேலை கெட்டுவிடும்.

அவர் கொண்டுவந்தது பழைய போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கி. வெளியே பார்க்க அழகாக இருந்தது. திருகைக் கழற்றி மரக்கட்டையைப் பிரித்ததும், மரம் தொட்டுக்கொண்டிருந்த கோட்டுக்குக் கீழே குழல் முழுக்கச் செம்பழுப்புத் துரு. கோட்டுக்கு மேலே ஒரு புள்ளிகூட இல்லை. இப்படி ஒரு நேர்கோட்டில் நிற்கும் துருவைப் பார்த்தால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே ஒன்று தோன்றும். 1960களின் பிற்பகுதியில் ஒரு பெரிய நிறுவனம் வால்நட் மரத்தைச் சீக்கிரம் உலர்த்துவதற்காக உப்பைப் பயன்படுத்தியது. அந்த உப்பு மரத்திலேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். மேல்பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டால் உப்பு இருக்கும் மரம் வெளுக்கும். விட்டுப் பார்த்தேன். வெளுத்தது.

அவரை அழைத்துக் காட்டினேன். “உலோகத்தை நான் எவ்வளவு சுத்தம் செய்தாலும், இதே மரத்தைத் திரும்பப் போட்டால் உப்பு தன் வேலையைத் தொடரும் சார். வேறு கட்டை போடுவதுதான் வழி” என்றேன். அப்போதுதான் அந்தப் பதில் வந்தது. தொடர்ந்து, “குழிகளைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், பூச்சு போடுங்கள். அடுத்த மாதம் இதை விற்கப்போகிறேன்” என்றார்.

முதலாளி வேலைச் சீட்டில் ‘மரத்தில் உப்பு உண்டு, வாடிக்கையாளரிடம் சொல்லப்பட்டது’ என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் அந்தச் சீட்டு எங்கள் கோப்பில் இருக்கும், துப்பாக்கியோடு போகாது. டெக்சாஸில் ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவர் தங்களுக்குள் வாங்கி விற்க, உரிமம் பெற்ற வியாபாரி இடையில் தேவையில்லை. வாங்கப்போகிறவர் எங்கள் கடைப் பெயரைக்கூடக் கேள்விப்படமாட்டார்.

வேலையை நான் நன்றாகவே செய்தேன். உப்பு கரையட்டும் என்று குழலைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்தேன். ஆழமில்லாத குழிகளை எமரியால் தேய்த்து மட்டமாக்கினேன். ஆழமானவற்றை விட்டுவிட்டேன், அதற்கு மேல் தேய்த்தால் குழலின் வடிவம் போய்விடும். ஓவனில் வைத்தபோது குழிகளிலிருந்து பழுப்பாக எண்ணெய் கசிந்தது. மறுபடி அசிட்டோன், மறுபடி ஓவன், கசிவு நிற்கும்வரை. இங்குள்ள ஈரத்தில் வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே துருவேறத் தொடங்கும் என்பதால், பிளாஸ்டிங் முடிந்த கையோடு பூச்சுக்கு அனுப்பினேன்.

எனக்குச் சரியாகப் பிடிபடாத இடம் இதுதான். என் வேலை எவ்வளவு சுத்தமோ, அவ்வளவு நன்றாக அந்தத் துப்பாக்கியின் கதை மறைந்துபோனது. அரைகுறையாகச் செய்திருந்தால் அடுத்தவர் கழற்றிப் பார்த்ததும் சந்தேகப்பட்டிருப்பார். அதற்காக அரைகுறையாகச் செய்ய முடியுமா? உப்பை எதிர்த்து நிற்பதில் இரும்புக்குக் கருநீலம் ஏற்றும் பழைய புளூயிங்கைவிட இந்தப் பூச்சு எவ்வளவோ மேல். பழைய நிலையிலேயே விற்றிருந்தால் வாங்குகிறவருக்கு இன்னும் மோசம். இப்படி ஒரு பக்கம் சமாதானம் வரும். உடனே மறுபக்கம், ஆழமான குழிகளின் விளிம்பில் பூச்சு மெலிந்திருக்குமே, உப்பு முதலில் அங்கேதானே நுழையும் என்று தோன்றும்.

அந்த வாடிக்கையாளரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவரிடம் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார் என்று நானாகத்தான் முடிவு செய்துகொண்டேன். “வாங்குகிறவரிடம் சொல்வீர்களா?” என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் ‘சொல்வேன்’ என்றுதான் சொல்லியிருப்பார், அதை நான் எப்படிச் சரிபார்ப்பது? ஆனாலும் கேட்டிருந்தால் அந்தக் கேள்வி அவரோடு போயிருக்கும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. கேட்க எனக்கு என்ன உரிமை என்று மறுநாள் தோன்றுகிறது.

உப்பு மரத்தோடு வரும் துப்பாக்கிக்கு, கட்டையை மாற்றினால் மட்டும் பூச்சு போடுவோம் என்று கடை விதியாக வைக்கலாமே என முதலாளியிடம் கேட்டேன். “அப்போது வேறு கடைக்குப் போவார். அங்கே கொதிக்கவைக்காமலே பூசிக் கொடுப்பார்கள்” என்றார். அவர் சொல்வது உண்மைதான், அப்படிச் செய்யும் கடைகள் இருக்கின்றன. குறைந்தபட்சம் துருவின் படத்தையும் சோதனை முடிவையும் அச்செடுத்துத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பலாம் என்றேன். வாடிக்கையாளர் எடுத்துப் போட்டுவிடுவார் என்றார். போடட்டும், நாம் வைப்போம் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.