கல்லாவுக்கு வந்த துப்பாக்கிச் சட்டம்

லைசென்ஸ் வைத்திருப்பவர் கைத்துப்பாக்கியை எல்லார் கண்ணிலும் படும்படி இடுப்பு உறையில் செருகிக்கொண்டு நடமாடலாம் என்ற டெக்சாஸ் சட்டம் 2016 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அப்போது நான் ஹூஸ்டனுக்கு மேற்கே ஓர் இந்திய மளிகைக் கடையில் மேலாளர். மேலாளர் என்று பெயர்தான். கல்லாவில் நிற்பதும் நான்தான், அரிசி மூட்டை இறக்குவதும் நான்தான்.

அதற்கு முன்பும் கடைக்குள் துப்பாக்கி வந்துபோய்க்கொண்டுதான் இருந்திருக்கும். 1991-ல் அதே மாநிலத்தின் கில்லீன் ஊரில் ஓர் உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அதில் தாய் தந்தை இருவரையும் இழந்த சுசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே போனவர். அவரைப் போன்றவர்கள் போராடியதால், 1995-ல் மறைத்து எடுத்துச்செல்லும் உரிமை சட்டமானது. சட்டைக்குள் இருப்பது எங்களுக்குத் தெரியாது, அதனால் கவலையும் இல்லை. இதில் வேடிக்கை, ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் போக அந்த மாநிலத்தில் லைசென்ஸே தேவைப்பட்டதில்லை.

புதிய சட்டம் உரிமையைக் கொடுத்தது. ‘இங்கே வேண்டாம்’ என்று சொல்லும் வேலையைக் கடைக்காரர் தலையில் கட்டியது. வேண்டாம் என்றால் வாசலில் 30.07 என்ற சட்டப்பிரிவு எண்ணுள்ள அறிவிப்பை வைக்க வேண்டும். சட்டத்தில் உள்ள வாசகம் அப்படியே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாமல், ஒவ்வொரு நுழைவாயிலிலும். மறைத்துக் கொண்டுவருவதையும் தடுக்க வேண்டுமா? அதற்கு 30.06 என்று தனிப் பலகை. முதலாளி இரண்டு நாள் யோசித்தார். “உள்ள வச்சிருந்தா நமக்கென்ன தெரியப்போவுது, வெளிய தெரியறது மட்டும் வேண்டாம்ப்பா” என்று 30.07-ஐ மட்டும் ஒட்டச் சொன்னார். பொன்னி அரிசித் தள்ளுபடி, கோயில் விழா, பரதநாட்டிய வகுப்பு என்று கண்ணாடிக் கதவில் இருந்த அத்தனையையும் கிழித்த பிறகுதான் அதற்கு இடம் கிடைத்தது.

பலகையை யார் படிக்கிறார்கள்? ஒரு சனிக்கிழமை மாலை, நல்ல கூட்டம். அறுபது வயதுக்காரர் ஒருவர், இடுப்பில் துப்பாக்கியோடு, மசாலா அடுக்குகளுக்கு நடுவே நிதானமாக நின்றிருந்தார். கல்லாவில் எனக்கு உதவியாக இருந்த மதுரைப் பையன், “அண்ணே, இவரு மஃப்டி போலீஸா?” என்றான். அவன் ஊரில் துப்பாக்கி தெரிந்தால் ஒன்று போலீஸ், இல்லையென்றால் பேங்க் வாட்ச்மேன். அதற்குள் ஒரு அம்மா கூடையைப் பருப்புப் பக்கம் அப்படியே வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

நான் போய்ச் சொன்னேன். வாயால் சொன்ன பிறகும் போக மறுத்தால்தான் அது பெரிய குற்றம். பலகையை மீறியதற்கு வெறும் 200 டாலர் வரை அபராதம். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காரில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். (காரில் விட்ட துப்பாக்கி திருடுபோவது அந்த நாட்டில் தனித் தலைவலி.) பணம் கொடுக்கும்போது, கொள்ளையடிக்க வருகிறவன் காட்டிக்கொண்டு வரமாட்டான், நான் மறைக்காததே என் நேர்மைக்குச் சாட்சி என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவர் என்பதை, பில் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்த்து, நான் கணிக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு அது என் வேலையில்லை.

எங்கள் வளாகத்துக் காவலாளி கறுப்பினத்தவர், லைசென்ஸ் உள்ளவர். சீருடையைக் கழற்றிவிட்டால் துப்பாக்கியை வெளியே தெரிய வைப்பதே இல்லை. அதே ஆண்டு ஜூலையில் டாலஸில் ஐந்து போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இரவு, கறுப்பினத்தவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதை எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்குச் சட்டப்படி ரைபிளோடு வந்த ஒரு கறுப்பினத்தவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸ் ட்விட்டரில் போட்டது. அவர் தானே போய்த் துப்பாக்கியை ஒப்படைத்தார். சம்பவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், பார்க்கிற கண்ணு ஒண்ணில்ல” என்றார் காவலாளி. கலிபோர்னியாவில் 1967-ல் குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்திச் செல்லத் தடை வந்ததே, கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் ஆயுதத்தோடு தெருவில் ரோந்து போனதால்தான். அந்தத் தடையில் கையெழுத்திட்டவர், அப்போது அங்கே ஆளுநராக இருந்து பின்னாளில் அமெரிக்க அதிபரான ரீகன்.

2019-ல் டெக்சாஸின் எல் பாசோ நகர வால்மார்ட் கடையில் 23 பேரைப் பலிகொண்ட துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, வால்மார்ட்டே வாடிக்கையாளர்களிடம் துப்பாக்கியை வெளியே தெரியக் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. தடை இல்லை, வேண்டுகோள். அதையும் அங்கே நிற்கும் யாரோ ஓர் ஊழியர்தான் போய்ச் சொல்லியாக வேண்டும்.

2021 செப்டம்பரில் டெக்சாஸில், 21 வயது நிறைந்தவருக்கு, சட்டம் விலக்கிய சிலரைத் தவிர, லைசென்ஸே வேண்டாம் என்றாகிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவருகிறவரைத் தடுக்க 30.05 என்று இன்னொரு பலகை. மூன்றையும் ஒட்டினால் உள்ளே மளிகைக் கடை இருப்பதே தெரியாது என்றார் முதலாளி. பழையதோடு புதியதையும் சேர்த்து ஒட்டினோம், 30.06-க்கு இடமும் இல்லை, அவருக்கு மனமும் இல்லை. மதுரைப் பையன் மட்டும் வேலையை விட்டுவிட்டு ஒரு கிடங்குக்குப் போய்விட்டான். அங்கே வாடிக்கையாளர்கள் வருவதில்லை.